பழைய படங்களில் எல்லோரும் கத்துகிறார்கள் என்பவருக்கு

கேள்வி, மே 4
வீட்டில் பெரியவர்கள் கருப்பு வெள்ளைப் படம் போட்டால் எழுந்து போய்விடுகிறேன். ஒருவர் மாற்றி ஒருவர் கத்துகிறார்கள். கை ஒரு பக்கம் போகிறது, கண் ஒரு பக்கம் உருள்கிறது. வசனம் ஒப்பிப்பதைப் போய் நடிப்பு என்று ஏன் கொண்டாடுகிறீர்கள்? கோபப்படாமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

மே 4, இரவு 11.10
கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொல்வதில் பாதி சரி. கத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் பேசுகிறவரையே பார்க்கிறீர்கள். எதிரே நிற்கிறவரைப் பாருங்கள்.

எனக்கே இது தற்செயலாகத்தான் பிடிபட்டது. பேத்தி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். டிவியில் பராசக்தி. அவள் எழுந்துவிட்டால் மறுபடி தூங்கவைக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டேன். வசனம் பாதிக்கு மேல் மனப்பாடம், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்தப் படத்தின் நீதிமன்றம் என்றால் எல்லோரும் சிவாஜி குணசேகரனாகக் கூண்டில் நின்று பேசுவதைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் கல்யாணியின் விசாரணை ஒன்று உண்டு. வறுமை தாங்காமல் பெற்ற குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டு ஸ்ரீரஞ்சனி கூண்டில் நிற்பார். நீதிபதி நாற்காலியில் எஸ்.வி. சகஸ்ரநாமம். அவள் தன் கதையைச் சொல்லி முடிக்கும்போது, கூண்டில் இருப்பது தன் தங்கை என்று அவருக்குத் தெரிகிறது. மயங்கி விழுகிறார். சத்தம் இல்லாமல் பார்த்தால் அந்தக் காட்சி முழுக்க சகஸ்ரநாமத்துக்குச் சொந்தம். நாற்காலியை விட்டு அசைய முடியாது, குறுக்கே பேச முடியாது. கேட்பது ஒன்றுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அந்த மனிதர் கேட்கிறார்!

இத்தனை வருஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

மே 5, காலை
குணசேகரனை எப்படிக் கழற்றிவிடலாம் என்று காலையிலேயே மூன்று பேர் வந்துவிட்டார்கள். கழற்றிவிடவில்லை ஐயா. 1952 தீபாவளிக்கு, நாடக மேடையிலிருந்து நேராக வந்த ஒரு ஒல்லிப் பையன் அப்படிப் பேசியதை யார் மறுக்க முடியும்? அந்தப் பேச்சைப் பள்ளி ஆண்டு விழாவில் நானே ஒப்பித்திருக்கிறேன். நடுவில் மறந்துபோய், திரைக்குப் பின்னாலிருந்து ஒருவன் எடுத்துக்கொடுத்து, அதையும் தப்பாகச் சொல்லி, பரிசாக ஒரு சோப்பு டப்பா வாங்கினேன். கேள்வி கேட்டவருக்கு அது பதில் ஆகாது என்றுதான் தொடவில்லை. அவருக்குப் பிடிக்காதது அதுதானே.

மே 5, மதியம்
கேட்கும் நடிப்புக்கு முதல் இடம் டி.எஸ். பாலையாவுக்கு. காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பாவிடம் சொல்லும் இடம். நாகேஷ் வாய், கை, கால், முதுகு எல்லாவற்றாலும் கதை சொல்கிறார். பாலையாவுக்கு ஒரு நாற்காலியும் ஒரு முகமும்தான். முதலில் அலட்சியம், பிறகு சந்தேகம், பிறகு பின்னால் யாரோ நிற்பதுபோல ஒரு பார்வை. நாம் சிரிப்பது நாகேஷுக்கா பாலையாவுக்கா என்று யோசித்துப் பாருங்கள். கருப்பு வெள்ளையின் உச்சம் என்று இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

மே 5, மாலை
ஐயோ. அது வண்ணப் படம். 1964, ஈஸ்ட்மென் கலர். சுட்டிக்காட்டிய எல்லோருக்கும் நன்றி. கடைசியாக எழுதியவர் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.

தப்பு எங்கள் வீட்டு டயனோரா டிவியின் தப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் எந்தப் படம் போட்டாலும் எங்கள் கூடத்தில் அது கருப்பு வெள்ளைதான். தெருவில் பாதிப் பேர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். தில்லானா மோகனாம்பாளில் பத்மினியின் புடவைகளுக்கு நிறம் உண்டு என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. இன்றைக்கும் அந்தப் படங்களை வண்ணத்தில் பார்த்தால் யாரோ பிறகு வந்து பூசிய மாதிரி இருக்கிறது.

சரி, பாலையாவை விட மனசில்லை. அதற்குப் பதில் பாமா விஜயம், 1967, சந்தேகமில்லாத கருப்பு வெள்ளை. பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவந்ததும் மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும் தலைகீழாக மாறுவதை அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருப்பது என்ற ஒன்றை வைத்தே பாதிப் படத்தை ஓட்டுகிறார் மனிதர். மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவரும் சேர்ந்து ஆடும் இடத்திலும் என் கண் மூலையில் நிற்கும் பாலையாவிடம்தான் போகிறது.

மே 7
இவர்கள் ஏன் கத்தினார்கள் என்று ஒருவர் நியாயமாகக் கேட்டிருக்கிறார். நாடகக் கம்பெனிப் பழக்கம் என்று எல்லோரும் சொல்லும் பதில் உண்டு. அது சரிதான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்கவேண்டும் என்று பத்து வயதிலிருந்து பழகிய தொண்டை அது. சிவாஜி, எம்.ஆர். ராதா, பாலையா, நம்பியார் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். படம் எடுக்கும்போதும் ஸ்டுடியோத் தளத்திலேயே வசனத்தை நேரடியாகப் பதிந்த காலம். தலைக்கு மேல் மைக் தொங்கும். முணுமுணுத்தால் பிடிக்காது.

ஆனால் எனக்குத் தெரிந்த காரணம் வேறு ஒன்றும் இருக்கிறது. என் சித்தப்பா பரமக்குடிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்கு உதவியாள். மேலே கீற்று, கீழே மணல். பெண்கள் பக்கம் குழந்தைகள் அழும். முறுக்கு விற்பவன் குறுக்கே நடப்பான். மெயின் ரோட்டில் லாரி போகும். ஒலிபெருக்கி திருவிழாக் குழாயின் தம்பி. ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். ஆயிரம் அடி ரீல் என்றால் பதினோரு நிமிஷம் ஓடும். இந்தக் கூத்துக்கு நடுவில் வசனம் எங்களை வந்து சேரவேண்டும் என்றால் கத்தாமல் என்ன செய்வது? அவர்கள் எங்களுக்காகத்தான் கத்தினார்கள்.

வெளிச்சமும் அப்படித்தான். புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் எரியும் நெருப்புதான் விளக்கு. குச்சி எரிந்து குறையக் குறைய, பக்கத்தில் நின்று கிட்டே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும். கருப்பு வெள்ளைப் படத்தில் ராத்திரிக் காட்சி வேறு என்றால் முகமே தெரியாது. "டேய், லைட்டு!" என்று மணலிலிருந்து குரல் வரும். அதனால் முகத்தில் நுணுக்கமாகச் செய்த எதுவும் எங்கள் கொட்டகையில் விழவே இல்லை. குரல்தான் விழுந்தது. ஊர் முழுக்க வசனத்தை ஒப்பித்ததும் அதனால்தான். அந்த முகங்களை நான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தது நல்ல பிரதிகள் கணினியில் வந்த பிறகு, ஐம்பது வயதில்.

இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்: பேசுகிறவர் கொட்டகையின் கடைசி வரிசைக்கு நடித்தார். கேட்கிறவர் நாலடி தூரத்தில் இருந்த கேமராவுக்கு நடித்தார். இரண்டும் ஒரே காட்சியில் இருப்பதால் இன்றைக்குப் பார்ப்பவருக்குக் குழப்பம் வருகிறது.

மே 9
எஸ்.வி. ரங்காராவ் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

படிக்காத மேதை, 1960. பீம்சிங் படம். ரங்கன் ஒரு அனாதை. படிப்பு இல்லை, சூது தெரியாது. பெரிய வீட்டில் வளர்கிறான். வீடு நொடித்துப்போகிறது. பெற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் ஒதுங்க, இவன் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். கடைசியில் பெரியவர் ரங்காராவே அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லவேண்டி வருகிறது. அந்த இடத்தில் சிவாஜி செய்வதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம் வருவது.

அவன் போன பிறகு வீட்டில் அவர் தனியாக இருப்பார். பின்னணியில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பாரதியின் "எங்கிருந்தோ வந்தான்". கே.வி. மகாதேவன் இசை. பாரதி அதைக் கண்ணனைச் சேவகனாக வைத்துப் பாடினார். இங்கே எஜமான் இழந்த சேவகனை நினைக்கிறார். ரங்காராவுக்கு ஒரு வரி வசனம் கிடையாது, பாட்டுக்கு வாயசைப்பும் கிடையாது. அவ்வளவு பெரிய உடம்பு. மற்ற படங்களில் அந்த உடம்பு நிமிர்ந்து நின்றாலே அரண்மனை மாதிரி இருக்கும். இங்கே அது காலி வீடு மாதிரி இருக்கிறது. பாட்டைக் கேட்கிறாரா, அவனை நினைக்கிறாரா, தன்னையே திட்டிக்கொள்கிறாரா, பிரித்துச் சொல்ல முடியாது.

"இங்கிவனை யான்பெறவே என்ன தவம் செய்துவிட்டேன்" என்ற வரியில் நான் டிவியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது வழக்கம். வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மே 9, இரவு
பரிசோதனை செய்து பார்த்தேன். அதே பாட்டை சத்தம் இல்லாமல். ஓடவில்லை. சீர்காழி இல்லாமல் ரங்காராவ் பாதி ஆகிவிடுகிறார். ஆக என் சத்தக்குறைப்பு வைத்தியம் எல்லா நோய்க்கும் கேட்காது.

மே 12
சொன்னது நீதானா பாட்டைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் அங்கேதான் வந்துகொண்டிருந்தேன்.

நெஞ்சில் ஓர் ஆலயம், 1962. ஸ்ரீதர் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்த படம். புற்றுநோயோடு கட்டிலில் கிடக்கும் முத்துராமன், தனக்கு ஏதாவது ஆனால் நீ மறுமணம் செய்துகொள்ளவேண்டும் என்று மனைவி தேவிகாவிடம் சொல்கிறார். அவள் முன்னாளில் காதலித்தவன்தான் இப்போது வைத்தியம் பார்க்கும் டாக்டர், கல்யாண்குமார். கணவர் சொன்னதற்குப் பதிலாக சித்தாரை எடுத்து வைத்துக்கொண்டு அவள் பாடுகிறாள். பி. சுசீலா குரல்.

ஏ. வின்சென்ட்டின் கேமரா அந்தச் சின்ன அறைக்குள் எங்கெல்லாமோ போகிறது, கட்டிலுக்கு அடியில்கூட. எல்லோரும் அதைச் சொல்வார்கள், சொல்லவேண்டியதுதான். ஆனால் தேவிகா பாடும்போது முத்துராமனின் நிலைமையை யோசியுங்கள். கேட்டது அவர். பதில் பாட்டாக வருகிறது. எழுந்து போக முடியாது, படுத்த படுக்கை. கேட்டே ஆகவேண்டும். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்த ஒருவனுக்கு, தான் எவ்வளவு கொடுமையான ஒன்றைச் சொன்னோம் என்று வரி வரியாகத் தெரிகிறது. பேசுகிற இடத்தில் முத்துராமன் எனக்குக் கொஞ்சம் செயற்கையாகத்தான் படுவார். படுத்துக்கொண்டு கேட்கிற முத்துராமனுக்கு ஈடு கிடையாது.

என் மனைவிக்கு இதில் ஒப்புதல் இல்லை. "அவருக்கென்ன, படுத்திருக்கிறார். தேவிகாதான் எல்லா வேலையும் செய்கிறாள், வழக்கம்போல" என்கிறாள். குறித்துக்கொண்டேன்.

மே 13
ஒரு கண்டுபிடிப்பு! ரங்காராவ், கண்ணாம்பா, சாவித்திரி, தேவிகா எல்லோருக்கும் தாய்மொழி தெலுங்கு. கல்யாண்குமாரும் பண்டரிபாயும் கன்னட தேசத்துக்காரர்கள். தமிழில் நன்றாகக் கேட்டவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள்! நமக்குப் பேசத்தான் தெரியும்போல.

மே 13, ஒரு மணி நேரம் கழித்து
விளையாட்டாகச் சொன்னேன், விட்டுவிடுங்கள். பாலையா, சகஸ்ரநாமம், முத்துராமன் மூன்று பேரையும் மேலே நானே எழுதிவிட்டு இப்படி உளறியிருக்கிறேன். வெயில்.

மே 18
அந்த நாள் படத்தில் கொலை செய்தது யார் என்று சொல்லிவிட்டாயே என்று எனக்குத் தனியாகத் திட்டு வந்திருக்கிறது. நான் இன்னும் சொல்லவே இல்லை! இப்போதுதான் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவிவிடுங்கள். 1954இல் வந்த படத்துக்கு எத்தனை காலம் ரகசியம் காப்பது என்பதும் ஒரு கேள்வி.

எஸ். பாலசந்தர் இயக்கம், வீணை வாசித்த அதே பாலசந்தர்தான். பாட்டே கிடையாது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. தொடங்கும்போதே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான். சிவாஜியின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கியவனுக்கு எப்படி இருந்திருக்கும்! பாட்டும் இல்லை, ஹீரோவும் உயிரோடில்லை. படம் ஓடாமல் போனதில் ஆச்சரியமில்லை. அதன்பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாகக் கேட்டுக்கொண்டே வருகிறார். கடைசியில் மனைவி உஷாதான் சுட்டது. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனை.

இங்கே உஷாவாக பண்டரிபாய். முடிவு தெரிந்த பிறகு படத்தை மறுபடி பாருங்கள். மற்றவர்கள் சொல்வதை எல்லாம் அந்தப் பெண் எப்படிக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். முதல் தடவை விதவையின் சோகமாகத் தெரிந்த முகம், இரண்டாவது தடவை வேறு ஆளின் முகம். ஒரே நடிப்பு, மாற்றியது எதுவுமில்லை. பின்னாளில் இந்தம்மாவை வரிசையாக அம்மா வேஷத்தில் உட்காரவைத்துக் கண்ணீர் விடவைத்தார்கள்.

மே 20
என் வாதத்துக்குள் ஒரு ஓட்டை. கண்ணாம்பா.

மனோகராவில் "பொறுத்தது போதும், பொங்கி எழு" என்று அந்தம்மா சொல்கிற இடத்தில் கேட்பவரைப் பார் என்று நான் சொன்னால் என்னைத் தொலைத்துவிடுவீர்கள். அங்கே பேசுகிறவரைத்தான் பார்க்கவேண்டும். சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் சிவாஜிக்கே அங்கே வேலை இல்லை, அம்மா சொல்லி முடிக்கும்வரை. கத்தல்தான், முழுக் கத்தல்தான். பத்து வருஷத்துக்கு மேல் முன்னால் கண்ணகியாக நின்று நீதி கேட்ட அதே தொண்டை. கேள்வி கேட்டவருக்கு இந்தக் காட்சி கண்டிப்பாகப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை.

யோசித்தேன். அந்த ஒரு கத்தலுக்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டு நிற்கிறார் என்பதுதான் விஷயமோ? "பொறுத்தது போதும்" என்று வசனத்திலேயே இருக்கிறது. ஆக அவரும் கேட்டவர்தான்! என் வாதத்தைக் காப்பாற்ற நான் கொஞ்சம் வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இருக்கட்டும்.

மே 21
பாசமலர் ஏன் இல்லை என்பவருக்கு: என் தங்கை இந்த ஊரில் இல்லை. அவ்வளவுதான்.

மே 27
மாயா பஜார், 1957. இதைக் கேள்வி கேட்டவர் கண்டிப்பாகப் பார்க்கவேண்டும், சத்தத்தோடே.

கடோத்கஜன் ரங்காராவ், வத்சலா சாவித்திரி. கடோத்கஜன் மாயத்தால் வத்சலாவாக உருமாறிக் கல்யாண வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பான். அதாவது சாவித்திரி இப்போது சாவித்திரியாக நடிக்கக் கூடாது, சாவித்திரி உடம்புக்குள் புகுந்த ரங்காராவாக நடிக்கவேண்டும். தனியாக இருக்கும்போது தோள் விரிகிறது, நடை அகலமாகிறது, மீசை இல்லாத இடத்தில் மீசை தெரிகிறது. யாராவது வந்ததும் சட்டென்று வெட்கம். வெட்கத்துக்குள்ளும் ராட்சசன் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிறான். ரங்காராவ் எப்படி மூச்சுவிடுவார், எப்படிச் சிரிப்பதற்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்துவார் என்று எவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தால் இது வரும்! மேலே நான் கேட்பது, கேட்பது என்று எழுதியதெல்லாம் இதற்குள் இருக்கிறது.

அந்தப் படத்தின் படகுப் பாட்டு நிலாவெளிச்சம் பற்றியும் எழுத ஆசை. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி செய்த வேலை. எழுத ஆரம்பித்தால் பாதி ராத்திரி ஆகிவிடும். இந்தப் படத்தின் தெலுங்குப் பிரதிக்கு 2010இல் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். அந்த நிலா எனக்கு வேண்டாம்.

ஜூன் 2
கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். படிக்காத மேதையைப் பாதி பார்த்தாராம். ரங்காராவ் நன்றாக இருக்கிறார், சிவாஜி இன்னும் கத்துகிறார் என்கிறார். பரவாயில்லை, பாதிக்குப் பாதி.

ஜூன் 3
நேற்று சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டிவிட்டது, காது சுமார். படிக்காத மேதையை எத்தனை தடவை ஓட்டியிருப்பீர்கள் என்று கேட்டேன். "ஓட்டுனது கணக்கே இல்லப்பா. ஆனா பாத்ததில்ல" என்றார். கார்பன் பெட்டியில் ஒரு சின்னக் கருப்புக் கண்ணாடி இருக்கும், அது வழியாக நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ரங்காராவ் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குச் சரியாக நினைவில்லை.

"அந்த சீர்காழி பாட்டு வரும்ல, அப்ப மட்டும் பயந்துருவேன்" என்றார். எதற்கு என்றேன். கொட்டகை மொத்தமும் சத்தம் அடங்கிப்போகுமாம். குழந்தை அழுகைகூட இருக்காதாம். ஸ்பீக்கர் போய்விட்டது, இனி மணலை வாரி எறிவார்கள் என்று நினைத்து வயரைத் தடவிக்கொண்டே நிற்பாராம்.